மருந்தடித்த பூ

கொளஞ்சியப்பனுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்த காலத்தில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. ரிட்டையராகி, திருப்பாதிரிப்புலியூர் வீட்டோடு வந்து சேர்ந்த பிறகுதான் அது ஒரு வியாதிபோலத் தெரிய ஆரம்பித்தது. ஓடுகிற ஃபேனைக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டுவார். சத்தமே போடாத கதவுக்கு எண்ணெய் விடுவார். தெருக்கோடி வரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவார்.

“பத்து நிமிஷம் ஒரு எடமா உக்காருங்களேன். உங்களப் பாத்துப் பாத்து எனக்குத் தல சுத்துது” என்பாள் அமிர்தம்.

வீட்டில் அவர் கைபடாத இடம் கொல்லை ஒன்றுதான். அது அமிர்தத்தின் ராஜ்ஜியம். வேலியோரம் இரண்டு அகத்தி, கிணற்றடியில் வாழை, கூரைமேல் ஏற்றிவிட்ட பரங்கிக்கொடி. மற்றவர்கள் காய்க்காகவும் கீரைக்காகவும் வளர்ப்பதை அவள் பாதிக்குமேல் பூவுக்காகவே வளர்த்தாள். விடியற்காலையில் பரங்கியின் ஆண்பூக்களை மட்டும் பார்த்துப் பறித்து, நடுநரம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி சுடுவாள். அகத்திப்பூவை வெங்காயம் போட்டு வதக்கித் தேங்காய் தூவி இறக்குவாள். வாழைப்பூவில் வடை, கூட்டு, உசிலி என்று வாரம் ஒன்று. கொளஞ்சியப்பன் முப்பத்தைந்து வருஷம் டிபன் டப்பாவில் கொண்டுபோனது பெரும்பாலும் பூதான்.

மகள் மோகனப்பிரியாவைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தபோது இதுவே ஒரு வம்பாகிப் போனது. மறுவீட்டு விருந்துக்கு வந்த சம்பந்தியம்மா செல்லாயி, இலையில் வைத்த பரங்கிப்பூ பஜ்ஜியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பூவத் தலையில வைப்பாங்க, சாமிக்கி வைப்பாங்க. உங்க வூட்ல எண்ணெச்சட்டில போடுறீங்களே” என்று சொல்லிவிட்டாள். கூட வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அமிர்தமும் சேர்ந்து சிரித்து அதை மறந்தாள். கொளஞ்சியப்பனுக்கு மறக்கவில்லை. அதற்கப்புறம் மகளைப் பார்க்கச் சிதம்பரம் போனாலும் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார்.

2010ஆம் வருஷத்துப் புரட்டாசியில் கொல்லைக்கு வண்டு வந்தது.

சிவப்பு வண்டு. பரங்கி இலையில் உட்கார்ந்து சல்லடையாகத் துளைத்தது. பூவின் இதழையும் விடவில்லை. அமிர்தம் தினமும் காலையில் அடுப்புச் சாம்பலை அள்ளிப்போய்க் கொடிமேல் தூவினாள். கைக்கு எட்டிய வண்டுகளைப் பிடித்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டாள். “கொஞ்ச நாள்ல போயிடும். வருஷா வருஷம் வர்றதுதான்” என்றாள்.

கொளஞ்சியப்பனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பழுதான பொருள் கண்முன் கிடக்க, சும்மா இருப்பது அவர் வாழ்க்கையில் பழக்கமே இல்லாத காரியம். பிரதோஷத்தன்று அமிர்தம் பாடலீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பியதும், உரக்கடைக்குப் போய் ஒரு பாட்டில் பூச்சிமருந்தும் கைஸ்பிரேயரும் வாங்கிவந்தார். கொடி, அகத்தி, வாழை, ஒன்றையும் விடாமல் நனைய நனைய அடித்தார். வண்டுகள் பொத்துப் பொத்தென்று உதிர்ந்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலையை முழுசாக முடித்த சந்தோஷம் அவருக்கு.

கடைக்காரர் ஒன்று சொல்லியிருந்தார். “பத்து நாளைக்கி எதையும் பறிச்சிடாதீங்க சார். மருந்து கொஞ்சம் ஸ்ட்ராங்கு.”

கோயிலிலிருந்து வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் அமிர்தம் நல்ல மனநிலையில் வந்தாள். பிரசாதச் சுண்டலைக் கையில் கொடுத்தாள். கோயிலில் பார்த்த பழைய தெருக்காரியின் கதையைச் சொன்னாள். இந்த நேரத்தில் போய், ‘உன் கொல்லையில் விஷத்தை அடித்துவிட்டேன்’ என்று எப்படிச் சொல்வது? கத்துவாள். சாப்பிட்டபின் சொல்லலாம் என்று தள்ளினார். சாப்பிட்டபின் கரண்ட் போனது. அவளுக்கோ ஜலதோஷம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே படுத்துவிட்டாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம், முந்தின நாள்தான் பூப் பறித்தாள், நாளைக்குப் பறிக்கமாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவரும் படுத்தார். தூக்கம் சரியாக வரவில்லை.

காலையில் கரண்ட் பில் கட்ட மஞ்சக்குப்பம் கிளம்பிவிட்டார். வரிசையில் முதல் ஆளாக நிற்கவேண்டும் அவருக்கு. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சமையலறையில் அண்டா கழுவும் சத்தம் கேட்டது. சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுப்பு மேடையில், ஒரு பாத்திரம் தண்ணீரில், பரங்கிப்பூக்கள் மிதந்தன.

“இது எப்ப பறிச்ச?”

“விடியக்காலம்தான். மாப்ள வந்துட்டுப் போனாருல்ல, அவருகிட்ட குடுத்தனுப்பத்தான் பறிச்சேன். மீந்தது நமக்கு.”

“மாப்ளயா?”

“நேத்தே கலெக்டர் ஆபீசு வேலையா வந்து சிநேகிதன் ரூம்ல தங்கினாராம். காலைல எட்டிப் பாத்தாரு. நீங்க இல்ல. அவுங்கம்மா கேட்டாங்களாம் பூவு. புரட்டாசின்னு கவிச்சி செய்யறதில்லையாம். ‘அந்தப் பூவுதான் நல்லா இருந்துச்சே, கொஞ்சம் வாங்கியா’ன்னாங்களாம். பாத்தீங்களா, அன்னிக்கி சிரிச்சவங்க.” அமிர்தத்தின் முகத்தில் ஒரு வெற்றி. “ஒரு பை நெறைய குடுத்தேன். அகத்திப்பூ, பரங்கிப்பூ, வாழப்பூ. பிரியாவும் நாக்கு செத்துப் போயி கெடக்குறா, அஞ்சாம் மாசத்துல. தெம்பா திங்கட்டும்னு...”

கொளஞ்சியப்பன் பாத்திரத்தைத் தூக்கினார். கொல்லைக் கதவைத் திறந்து பூவும் தண்ணீருமாகச் சாக்கடையில் கொட்டினார். பாத்திரம் கைநழுவிக் கீழே விழுந்து உருண்டது.

“இன்னா பண்றீங்க?”

“மருந்தடிச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

“எல்லாத்துக்கும். நேத்து. நீ கோயிலுக்குப் போனப்ப.”

அவள் கண் அவர் முகத்திலேயே நின்றது. கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“பாட்டில் எங்க?” என்றாள்.

“பின்னாடி, கிணத்தடில.”

ஓடிப்போய் எடுத்துவந்து ஒரு துணிப்பையில் சுற்றி அவர் கையில் திணித்தாள். “டாக்டர் கேட்டா பேரு சொல்லணும். போங்க. எங்கிட்ட பேசிகினு நிக்காதீங்க. நான் பூத்துல போயி போன் பண்றேன், கெடச்சா கெடைக்கட்டும். நீங்க போங்க.”

போகிறபோதே கைபேசியில் மாப்பிள்ளை இளவரசுக்கு அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. மகளுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி அடித்தார். இந்தமுறை சுவிட்ச் ஆஃப். சிதம்பரத்திலும் கரண்ட் இருக்காது, சார்ஜ் தீர்ந்திருக்கும்.

லாரன்ஸ் ரோடு ரயில்வே கேட் சாத்தியிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. கொளஞ்சியப்பன் குனிந்து தடுப்புக்கடியில் நுழைந்தார். “யோவ் பெருசு, சாவப்போறியா?” என்று யாரோ கத்தினார்கள். ரயில் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் தண்டவாளத்தைத் தாண்டி, மறுபக்கத் தடுப்புக்கும் குனிந்து, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். சிதம்பரம் பஸ் ஒன்று நகர ஆரம்பித்திருந்தது. தொற்றி ஏறினார்.

உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை. டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்தபடி நின்றார். முதுநகரில் ஒரு லாரி குறுக்கே நின்று மறித்தது. சிப்காட்டில் ஷிப்ட் முடிந்தவர்கள் கூட்டமாக ஏறினார்கள். ஆலப்பாக்கத்தில் ஒருத்தி கூடையோடு ஏறி, சில்லறை இல்லை என்று கண்டக்டரிடம் வாய் வளர்த்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்றபோது கொளஞ்சியப்பன் திரும்பி, இன்னும் எத்தனை பேர் ஏறவேண்டும் என்று எண்ணினார்.

மனசு நிற்காமல் கணக்குப் போட்டது. இளவரசு போய்ச் சேர்ந்திருப்பான். செல்லாயி பையைப் பிரித்திருப்பாள். அகத்திப்பூவை ஆய எவ்வளவு நேரமாகும்? அவளுக்கு ஆயத் தெரியாது, பிரியாதான் சொல்லித்தர வேண்டும். பிரியா சமைக்கும்போதே இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்கிற பெண். சின்ன வயதில் பரங்கிப்பூ பஜ்ஜியைச் சுடச்சுடச் சட்டியிலிருந்தே எடுத்து விரலைச் சுட்டுக்கொண்டவள். கழுவினால் மருந்து போய்விடுமோ? போகாது என்பதால்தானே கடைக்காரர் பத்து நாள் என்றார். வயிற்றுப் பிள்ளைக்கு...

அங்கே மனசை நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை.

“பெரியவரே, உக்காருங்க. எடந்தான் இருக்குதே” என்றார் கண்டக்டர்.

“இல்ல, பரவால்ல. இன்னும் எவ்ளோ நேரமாவும்?”

“இப்பதான புதுச்சத்திரம்.”

முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது இன்னொரு நினைப்பு வந்து குத்தியது. நேற்றுச் சாயங்காலம் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு, ‘அமிர்தம், ஒண்ணு சொல்லணும்’ என்று ஆரம்பித்திருந்தால் இந்தப் பாலத்தை இன்று பார்த்திருக்க வேண்டியதில்லை.

சிதம்பரத்தில் ஆட்டோ பிடித்துக் கனகசபை நகருக்குப் போனார். வாசலில் செல்லாயியும் அவள் புருஷன் சுப்பிரமணியனும் நின்றிருந்தார்கள். பின்னால் பிரியா. வயிறு சற்று மேடாக, நல்லபடியாக நின்றிருந்தாள்.

“அப்பா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று அவரைப் பார்த்ததும் பிரியா கையை ஆட்டினாள். “அம்மா பக்கத்து வூட்டு நம்பருக்குப் பேசிட்டாங்க. உங்களுக்கு அடிச்சா லைன் கெடைக்கல. நாங்க யாரும் திங்கல. பூவே வரல.”

“வரலியா?”

பிரியா உள்ளே திரும்பிப் பார்த்தாள். இளவரசு பனியனோடு கூடத்தில் நின்றிருந்தான். மாமனார் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டான்.

“பஸ்லயே வச்சிட்டு எறங்கிட்டேன் மாமா. வாழப்பூ பையிக்கு வெளில நீட்டிகினு இருந்துச்சி. பக்கத்துல எங்க ஆபீசு ஆளு ஒருத்தரு. கிண்டல் பண்ணுவாருன்னு சீட்டுக்கடில தள்ளி வச்சேன். அப்பிடியே தூங்கிட்டேன். எறங்கறப்ப நெனப்பு இல்ல.”

“காலைலேருந்து எங்கிட்ட, அத்த ஒண்ணும் குடுக்கலன்னு சொன்னான்” என்றாள் செல்லாயி.

கொளஞ்சியப்பன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அப்பாடா” என்று வாய்விட்டே சொன்னார்.

சுப்பிரமணியன் அவர் தோளில் கைவைத்து உள்ளே அழைத்துப்போனார். “தலைக்கி வந்தது தலப்பாவோட போச்சி. வாங்க சம்பந்தி, உக்காருங்க. மூஞ்சக் கழுவிட்டு ஒரு வாய் சாப்புடுங்க. எத்தினி வருஷமாச்சி நீங்க நம்ம வூட்ல சாப்ட்டு.”

இலை போட்டார்கள். செல்லாயி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிரியா அப்பாவுக்கு விசிறினாள். எல்லார் முகத்திலும் கண்டம் தாண்டிய சிரிப்பு. கொளஞ்சியப்பன் உட்கார்ந்து, சோற்றில் கைவைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டார்.

“அந்தப் பை இப்ப எங்க இருக்கும்?”

“எது?”

“பூவுப் பை. பஸ்லயே இருக்குமா?”

“யாராச்சும் எடுத்துகினு போயிருப்பாங்க. வுடுங்க” என்றார் சுப்பிரமணியன்.

“எடுத்தவங்க திம்பாங்களே.”

சுப்பிரமணியன் மெதுவாகச் சொன்னார்: “யாருன்னு எங்க போயித் தேடுவீங்க? நீங்க வேணும்னா பண்ணீங்க? நம்ம வூட்டுப் புள்ளங்க தப்பிச்சது சாமி புண்ணியம்.”

கொளஞ்சியப்பன் எழுந்துவிட்டார். இலையில் சோறு அப்படியே இருந்தது. பரிமாறிய இலையைவிட்டு எழுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று அவருக்குத் தெரியும். செல்லாயியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “தப்பா நெனைக்காதீங்கம்மா. எனக்கு எறங்காது.”

செல்லாயி கோபப்படவில்லை. “டேய், வண்டிய எடு. மாமாகூட போ” என்று மகனிடம் சொன்னாள்.

இளவரசுவின் வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். அவன் வந்தது ஒரு பச்சை நிறத் தனியார் பஸ். நல்லவேளையாக அது ஒரு நடை கடலூர் போய்த் திரும்பி வந்து, டைமுக்காக ஓரமாக நின்றிருந்தது. இளவரசு ஏறி சீட்டுக்கடியில் எல்லாம் குனிந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. கண்டக்டர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“மஞ்சப் பையா? வாழப்பூ நீட்டிகினு?” என்றான். “உங்களுதா அது? கேப்பாரில்லாம கெடந்துச்சி சார். பூவுதான, வாடிப்போயிடும்னு குப்பக்காகிட்ட குடுத்துட்டேன்.”

“எந்த குப்பக்கா?”

“பின்னாடி டிபன் கடை வச்சிருக்குமே. நாங்கள்லாம் அங்கதான் சாப்புடுவோம்.”

“நீ சாப்ட்டியா? அந்தப் பூவ?”

“இல்லியே. ஏன் சார் இப்பிடி கேக்குறீங்க?”

பதில் சொல்ல நேரமில்லை. பஸ் ஸ்டாண்டின் பின்பக்கச் சந்தில், தார்ப்பாய் கட்டிய ஒரு சின்ன கடை. மத்தியானக் கூட்டம் போய்விட்டது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண், பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் பை பாதி காலியாகக் கிடந்தது. வாழைப்பூ மட்டும் அதிலிருந்து எட்டிப்பார்த்தது.

“நீங்கதான் குப்புவா?”

“டிபன் இல்ல. அஞ்சு மணிக்கு மேல வாங்க.”

“டிபன் வேணாம்மா. இந்தப் பையில இருந்த பூவு இன்னா ஆச்சி?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “உங்க பையா? எம்மேல கொற சொல்லாதீங்க, அந்தப் புள்ளதான் குடுத்துச்சி. அகத்திப்பூவ வதக்கி நானே ரெண்டு வாய் சாப்ட்டேன். மத்தது சாயங்காலம் பஜ்ஜி போடலாம்னு வச்சிருக்கேன். காசு வேணும்னா வாங்கிக்கிங்க.”

“வேற யாருக்கும் குடுத்தீங்களா?”

“கடைக்கி வர்றவனுக்கு எதுக்கு பூவுப் பொரியலு? சாம்பாரு தீந்துபோச்சி, அதனால நான் போட்டுகினேன்.”

கொளஞ்சியப்பன் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார். “அம்மா, அந்தப் பூவுல பூச்சிமருந்து அடிச்சிருக்குது. நான்தான் அடிச்சேன்.”

குப்பு முதலில் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, சிரிப்பு நின்றது. “அதான் இப்பிடி வேர்க்குதா? அடுப்புச் சூடுன்னு நெனச்சேன்” என்றாள். எழ முயன்றாள். எழுந்தவள் தார்ப்பாய்க் கம்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வாந்தி எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, இன்ன மருந்து என்று தெரியுமா என்பதுதான். கொளஞ்சியப்பன் துணிப்பையைப் பிரித்துப் பாட்டிலைக் கொடுத்தார். அவர் அதன் லேபிளைப் படித்துவிட்டு உள்ளே போனார். ஊசி போட்டார்கள், குழாய்விட்டு வயிற்றைக் கழுவினார்கள். இளவரசு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். கொளஞ்சியப்பன் வராந்தாவின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நடந்தார். நர்ஸம்மா இரண்டு தடவை அதட்டினாள். சுவரோரம் நின்றார், கொஞ்ச நேரத்தில் கால் தானாக நடந்தது.

“நீங்க அவங்களுக்கு இன்னா வேணும்?” என்று நர்ஸம்மா கேட்டாள்.

“தெரிஞ்சவங்க” என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் டாக்டர் வந்து, தின்றது கொஞ்சம்தான், சீக்கிரம் கூட்டிவந்துவிட்டீர்கள், பயமில்லை, ஆனால் இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். உள்ளே போய்ப் பார்த்தபோது குப்புவுக்கு முகம் வெளிறி, குரல் உள்ளே போயிருந்தது. இருந்தும் அவரைப் பார்த்ததும் வைய ஆரம்பித்தாள்.

“பூச்சியக் கொல்றதுக்கு மனுஷாளக் கொல்லுவியா? அறிவு கெட்டவனே. மருந்தடிச்சா வூட்டோட வச்சிக்க வேண்டியதுதான. ஊருக்கு எதுக்கு அனுப்புற?”

“தப்புதான்.”

“தப்புன்னு சொன்னா ஆச்சா? நாளைக்கி யாரு கடை தெறக்கறது? ஊறப்போட்ட அரிசி ஊறிகினு கெடக்குது. பால்காரன் வருவான். அடுப்பு அணச்சனான்னே நெனப்பு இல்ல.”

“நான் போயிப் பாக்குறேன்.”

“நீ பாத்தது போதும்” என்றாள். சற்றுப் பொறுத்து, “அரிசிய வடிகட்டி வையி. இல்லன்னா புளிச்சி நாறிடும். சாவி கல்லாப்பெட்டி மேல கெடக்கும்” என்றாள்.

அன்றைக்கு அவர் கடலூர் திரும்பவில்லை. கடைக்குப் போய் அடுப்பைப் பார்த்தார், அணைந்திருந்தது. அரிசியை வடித்தார், பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தார். மஞ்சள் பையை அப்படியே எடுத்துப்போய், ஆடு மாடு வாய் வைக்காத இடமாகப் பார்த்து, வாழைப்பூவோடு குழிவெட்டிப் புதைத்தார். அப்புறம் தார்ப்பாயில் ஒரு கயிறு இற்றுப்போயிருந்தது கண்ணில் பட்டது. அதையும் மாற்றிக் கட்டினார். பிரியாவும் செல்லாயியும் கஞ்சி காய்ச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். “யாருன்னே தெரியாத பொம்பள, எங்கூட அரை மணி நேரம் பேசிகினு இருந்துச்சி சம்பந்தி. முக்காவாசி உங்களத் திட்டுனதுதான்” என்று செல்லாயி வந்து சொன்னாள்.

குப்பு நல்லபடியாக எழுந்து நடந்தபின்தான் கொளஞ்சியப்பன் ஊருக்குக் கிளம்பினார். கொல்லை வெறுமையாக இருந்தது. கூரைமேல் கொடி இல்லை. அகத்தியின் கிளைகள் கழிக்கப்பட்டிருந்தன, வாழை மட்டும் நின்றது. ஒரு மூலையில் புது மண்மேடு. அமிர்தம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்தையும் புதைச்சிட்டியா?”

“ம்.”

“அந்தம்மா பொழச்சிடுச்சி.”

“பிரியா சொல்லுச்சி.” ஈரப் புடவையை உதறினாள். அவர் பக்கம் திரும்பாமலே பேசினாள். “மருந்தடிச்சீங்க, சரி. தெரியாம பண்ணிட்டீங்கன்னு வுட்டுடலாம். ராத்திரி பூரா எம் பக்கத்துலயே படுத்துகினு இருந்தீங்களே, ஒரு வார்த்த சொன்னா இன்னா? என்னக் கண்டா அவ்ளோ பயமா உங்களுக்கு?”

அவர் முள்கம்பியைக் கையில் எடுத்தார். வேலியைச் சரிசெய்யப் போனார். கம்பியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவள் வாளித் துணி முழுவதையும் காயப்போட்டு முடிக்கும்வரை நின்றார். மறுநாள் காலையில் அமிர்தம் சாம்பல் கூடையை அவர் கையில் கொடுத்தாள். “கொடி இல்லன்னாலும் வாழைக்கித் தூவுங்க. குருத்துல படாம” என்றாள்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, புதிதாகப் போட்ட பரங்கி மறுபடி கூரை ஏறியது. வண்டும் மறுபடி வந்தது. கொளஞ்சியப்பன் விடியற்காலையில் எழுந்து, ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு இலையாகப் புரட்டி வண்டைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் முடிகிற வேலை இல்லை அது. ஒரு பக்கம் பிடித்து முடித்தால் மறுபக்கம் வந்து உட்காரும். அவருக்கு அது பிடித்துப்போனது. இலைகளில் ஓட்டை இருக்கத்தான் செய்தது. பூக்கள் பூத்தன.

தை மாதத்தில் ஒரு நாள், “பிரியாவப் பாக்கப் போறேன்” என்றார். பிரியாவுக்கு மாசம் நெருங்கியிருந்தது, வளைகாப்பு பேசவேண்டும். அமிர்தம் ஒரு பை நிறையப் பூப் பறித்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, இன்னொரு சின்னப் பையையும் நீட்டினாள். அது யாருக்கு என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

குப்புவின் கடையில் சாயங்கால வியாபாரம் ஆரம்பித்திருந்தது. எண்ணெய்ச்சட்டி காய்ந்துகொண்டிருந்தது. பையை அவர் மேடைமேல் வைத்ததும் அவள் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“எடுத்துகினு போ.”

“மருந்து இல்லம்மா. சாம்பல்தான். நானே கையால வண்டு புடிக்கிறேன்.”

“அன்னிக்கும் நல்ல பூவுன்னுதான் நான் தின்னேன்.”

சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். பச்சை பஸ் கண்டக்டரும் அங்கே இருந்தான். அவன் மெதுவாக ஒதுங்கி நின்றான். கொளஞ்சியப்பனுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. கால் அரிக்க ஆரம்பித்தது. இருந்தாலும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

குப்பு பையைக் கவிழ்த்து ஒரு பூவை எடுத்தாள். இதழை விரித்து, முகர்ந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுநரம்பைக் கிள்ளி எறிந்தாள். மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டாள். அது உப்பிச் சிவந்ததும் வாழையிலைத் துண்டில் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“மொதல்ல நீ தின்னு.”

கொளஞ்சியப்பன் சூடு ஆறும்வரை பொறுக்காமல் எடுத்துக் கடித்தார். நாக்கு சுட்டது. முழுசாகத் தின்று முடித்தார். குப்பு கரண்டியைக் கையில் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னொண்ணு” என்றார் அவர்.

அவள் இரண்டு பூவைச் சேர்த்து மாவில் தோய்த்தாள்.